எல்லா ஊருக்கும் ஒரே மதில்

சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நேரம் தப்பாது. எங்கள் பரிசோதனை அறையில் ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே நேரம் எழுத வேண்டும். பிரேக்கில் போகும் விரல் நீளப் பின்கள் அடுக்கிய தட்டு ஒன்றை முடித்து, நான்கு பத்து என்று எழுதிப் பேனாவை மூடிய கையோடுதான் போனை எடுத்தேன்.

"ஹலோ, மேடமா? ஒரு பொண்ணு எங்ககிட்ட கீது. உங்க நம்பரக் குடுத்துச்சி."

"என் பொண்ணா? என்னாச்சு? அடிகிடி பட்டுச்சா?"

"அடியெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லாதான் குந்திகினு கீது. எங்க செவுத்த போட்டோ புடிச்சிகினு இருந்துச்சி. டேப்பு வெச்சி அளவு வேற எடுத்துகீது. ஆதார் கார்டு எடுத்துகினு வாங்க. ஆபீசர் வந்து பாத்தாதான் ஊட்டுக்கு உடறதா, ஸ்டேசனுக்கு அனுப்பறதான்னு தெரியும்."

அவர் என்னை வரச் சொன்ன வாசலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆவடியில் எந்தச் சாலையில் போனாலும் கொஞ்ச தூரம் ராணுவத்தின் ஏதாவது ஒரு மதில் கூடவே வரும். அந்த மதில்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக அவற்றின் ஓரமாகப் போய் வருகிறேன். ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. படம் எடுக்கக் கூடாது என்ற பலகை எல்லாவற்றிலும் உண்டு. அது எங்களுக்கு மழையில் நனைந்த பழைய விளம்பரம் மாதிரி, கண்ணில் பட்டும் படாமல் போய்விடும்.

கணவருக்குப் போன் செய்தேன். அவர் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

போனில் கேட்ட எல்லாவற்றையும்விட 'டேப்பு' என்ற ஒரு சொல்தான் என்னை உலுக்கியது. அது என் டேப். காலையில் நானே கொடுத்தது.

முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கல்லூரியில் மூன்றாம் வருடம். ஏழெட்டு மாதமாகத் தனியாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். சுடுவது, துரத்துவது எதுவும் அதில் கிடையாது. ஒரு பெண் மின்சார ரயிலில் தூங்கிப்போய்த் தன் ஸ்டேஷனைத் தாண்டி இறங்கிவிடுகிறாள். அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வர வேண்டும். கதை அவ்வளவுதான். நடக்கும் ஊர் ஆவடி. வீடு பருத்திப்பட்டு ஏரிக்கரையில், எங்கள் பிளாட்.

"சும்மா அஞ்சு நிமிஷம் நடந்து பாரும்மா. எதையும் அழுத்த வேணாம். நடந்தா போதும்."

நடந்தேன். அழகாகத்தான் இருந்தது. சாலை இப்போதுதான் மழை நின்றது போல மினுங்கியது. எங்கிருந்தோ பொன்னிற வெளிச்சம் சாய்வாக வந்து விழுந்தது. தூரத்தில் எல்லாம் மெல்லிய பனிமூட்டத்தில் கரைந்திருந்தது. இடது கைப்பக்கம் ஒரு மதில். பெரிய பெரிய கருங்கற்கள், இடுக்குகளில் பச்சைப் பாசி, மேலே ஏதோ கொடி.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது சொன்னது வேறு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ ஆடற எல்லா கேமும் இப்படித்தானேடி இருக்கு? அதே வெளிச்சம், அதே ஈரம். நம்ம ஊர்ல எப்போ இப்படிப் பனி பெஞ்சுது? இந்தக் கல்லு மதில் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்."

"அது எஞ்சின்ல வர்றதும்மா."

எஞ்சின் என்றால் என்ன என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். வெளிச்சம் எப்படி விழ வேண்டும், நிழல் எவ்வளவு நீள வேண்டும், கால் தரையில் எப்படிப் பதிய வேண்டும் என்று எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே செய்துவைத்த மென்பொருள். அதன்மேல் அவரவர் தங்கள் ஊரைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். உலகத்தில் பாதிப்பேர் ஒன்றிரண்டு எஞ்சின்களைத்தான் வைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு கடை. கல், மரம், மதில், குப்பைத்தொட்டி என்று எல்லாம் அங்கே ஆயத்தமாகக் கிடைக்கும். ஒரு தடவை மூன்று விளையாட்டுகளை வரிசையாகப் போட்டு, ஒரே பாறை மூன்றிலும் உட்கார்ந்திருப்பதைக் காட்டினாள். ஒன்றில் பாலைவனம், ஒன்றில் கடற்கரை, ஒன்றில் வேற்றுக்கிரகம். அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"எஞ்சின் மேல தப்பு இல்லம்மா," என்றாள் அந்த ராத்திரி. "மொதல்ல தொறக்கும்போது ஒரு வெளிச்சம் போட்டுக் குடுக்கும். நாமதான் மாத்தணும். அது பாக்க நல்லா இருக்கறதால யாரும் மாத்தறதில்ல. நானும் மாத்தல."

அதோடு நான் விட்டிருக்கலாம். எங்களிடம் பயிற்சிக்கு வரும் புதுப்பெண்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கில் தேய்ந்துபோன ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை எடுத்து அவள்மேல் போட்டேன்.

"அளவு எடுக்காம செஞ்சா இப்படித்தான்."

அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நிற்கும்போது தோள் ஏறி இறங்குவதுகூட எஞ்சினோடு வருவதுதான் என்று பிறகு தெரிந்தது.

காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, "ம்மா, உன் ஸ்டீல் டேப் வேணும்" என்றாள். ஏதோ அலமாரிக்கு என்று நினைத்துப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

போன் வந்ததும் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நினைவில் அது மெதுவாக இருக்கிறது. தொழிற்பேட்டைச் சாலையில் லேத்துகளின் சத்தம் ஒரு ஷெட்டில் முடிந்து அடுத்த ஷெட்டில் தொடர்ந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரே நீலக் கதவு. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரே பெயின்ட் டப்பாவில் ஒரே துளசி. இதை நான் ஏற்கெனவே கடந்துவிட்டேனே என்று தோன்றியது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்பத்தூர். திருமுல்லைவாயல். அண்ணனூர். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, கூரை, பெஞ்ச். வண்டி நிற்கும்போதெல்லாம் யாரோ பெயரை மட்டும் மாற்றி அதே ஸ்டேஷனைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது போல இருந்தது. வெயில் சாய்ந்து, தூசியெல்லாம் பொன்னாகி, எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் கூடை ஒளிர்ந்தது. மகளின் கணினியில் பார்த்த அதே வெளிச்சம். எங்கோ ஒருவர் ஒரே ஒரு மாலைப்பொழுதைச் செய்துவைத்தார், எல்லாரும் அதையே தங்கள் ஊரில் மாட்டிக்கொண்டார்கள் என்று நேற்று மனதுக்குள் எகத்தாளம் செய்திருந்தேன். இன்று ஆவடியே அதை மாட்டிக்கொண்டு நின்றது. யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை.

தூங்கிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். தூக்கம் வருகிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் அந்தப் பயம் இருந்தது. கண் அசந்தால் ஆவடியைத் தாண்டிவிடுவேன், வேறெங்கோ இறங்குவேன், அங்கிருந்து நடக்க ஆரம்பித்தால் பனிமூட்டம் முடியவே முடியாது.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. கொஞ்ச தூரத்தில் மதில் வந்து சேர்ந்துகொண்டது. தூண், சுவர், தூண், சுவர். மேலே முள்கம்பி. ஆட்டோ ஓடுகிறது, மதில் நகரவில்லை. ஒரே துண்டை எடுத்து எடுத்து ஒட்டியது மாதிரி. இந்த மதிலையா அளந்தாய், இதில் அளக்க என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்க நினைத்தேன். கேட்கிற கோபம் வரவில்லை. அதற்குள் மனம் எங்கெங்கோ போய்விட்டது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிவிட்டால் கேஸ். கேஸ் என்றால் கல்லூரி. கல்லூரிக்குப் பிறகு வேலை. வேலை என்றால் சரிபார்க்க வருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு வருவார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தைப் புரட்டி, "இது என்னம்மா?" என்று கேட்பார். அவளுக்கு நாற்பது வயதாகும்போதும் கேட்பார்.

வாசலில் தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே காவலர் அறை. எனக்குப் போன் செய்தவர் வெளியே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மீசைக்கு மை, தலைக்கு இல்லை.

"நீங்கதான் பாப்பாவோட அம்மாவா?"

"ஆமா சார். எங்க சார் அவ?"

ஜன்னலைக் காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பெல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கப் போய், தூக்கலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு முன்னால் மேசைமேல் அவள் போன், என் டேப், ஒரு நோட்டு. மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"சார், அவ சின்னப் பொண்ணு. தெரியாம..."

"இன்னா மேடம் தெரியாம? நா ரவுண்டு போயிகினு வர்றேன். செவுத்தோட ஒட்டிகினு நிக்குது. இன்னாம்மா பண்றேன்னா, 'டெக்ஸ்சர் எடுக்கறேன் அங்கிள்'ன்னுது. எதயும் எடுக்கக் கூடாதுன்னுதானே போர்டு வெச்சிகீறோம்? அந்த போர்டயும் போட்டோ புடிச்சி வெச்சிகீது!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "துரு பிடிச்சிருந்துது அங்கிள். ஓரமெல்லாம் நல்ல துரு."

"கேட்டீங்களா? நல்ல துருவாம்."

நோட்டைத் திறந்து காட்டினார். இரண்டு பக்கம் நிறைய அளவுகள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை. அடித்தளத்தின் உயரம். பூச்சு பெயர்ந்த இடத்தின் அகலம். முள்கம்பி சாய்ந்திருக்கும் கோணம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து, மூன்றையும் எழுதி, சராசரியை அடியில் கோடிட்டிருந்தாள். நான் வேலையில் செய்வது மாதிரியே. பெருமைப்படக்கூடிய இடம் இல்லை அது. ஒரு நொடி பட்டுவிட்டேன். அடுத்த நொடி அந்தப் பக்கங்களை ஓர் அதிகாரியின் கண்ணால் பார்த்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், மேடம். தண்ணி குடிங்க." பாட்டிலை நீட்டினார். "நா ஒண்ணும் கெட்டவன் இல்ல. ஆனா ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சிட்டேன். எழுதினப்பறம் ஆபீசர் பாத்துதான் ஆவணும். அவரு வெளிய போயிகீறாரு."

"நான்தான் சார் காரணம். நான்தான் அவகிட்ட அளவு எடுக்காம செய்யாதேன்னு சொன்னேன்."

"நீங்களா? இன்னாத்துக்கு?"

சொன்னேன். என் மகள் வீடியோ கேம் செய்கிறாள் என்பதில் ஆரம்பித்தேன். எல்லாரும் ஒரே எஞ்சினை வைத்துச் செய்வதால் எல்லா ஊரும் ஒரே ஊராகிவிடுகிறது, அவள் செய்த ஆவடியில் வெளிநாட்டு மதில் நின்றது, அதைச் சொல்லிக் காட்டினேன், அதனால் உண்மையான மதிலின் மேல்பரப்பைப் படமெடுத்துக் கேமில் ஒட்ட வந்துவிட்டாள், அதற்குப் பெயர்தான் டெக்ஸ்சர் என்று. வாழ்நாள் முழுவதும் ஒன்றுபோல் இல்லாததைப் பொறுக்கித் தூக்கியெறிவது என் வேலை. ஒரு நூல் பருமன் மாறினாலும் அந்தப் பின் சிவப்புத் தட்டுக்குப் போகும். போகத்தான் வேண்டும், பிரேக் விஷயம். அப்படிப்பட்டவள் ஒரு காவலரிடம் உட்கார்ந்து, ஒன்றுபோல் இருப்பது ஏன் குறை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் வாயில் அது கோர்வையாக வரவில்லை.

அவர் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார். "கேமு நானும் ஆடுவேன். பஸ் ஓட்ற கேமு. ஒரு நாளு போரடிச்சிட்சின்னு வேற ஒண்ணு எறக்கனேன். அது லாரி ஓட்றது. பாத்தா அதே மரம். பஸ் கேமுல நின்ன அதே மரம் இங்கயும் வந்து நிக்குது. இன்னாடா இது, என் பின்னாடியே வந்துகினு கீதேன்னு..."

"அதான் அங்கிள்!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அதே மரம்தான். சும்மா கெடைக்கிற மரம். எல்லாரும் அதையே நட்டு வெச்சிருக்காங்க."

"குந்து பாப்பா, குந்து. அதுக்கு எங்க செவுருதான் கெடச்சிதா? ஊருல செவுருக்கா பஞ்சம்? எல்லா செவுரும் ஒண்ணுதானே."

"இல்ல அங்கிள். இது ஒரே நாள்ல கட்டினதே இல்ல. பஸ் ஸ்டாப் வரைக்கும் செங்கல்லு பெருசு, அதுக்கு அப்பறம் சின்னது."

அவர் முகத்தில் ஏதோ மாறியது. அந்த மதிலைச் சுற்றி எத்தனை வருடம் நடந்திருப்பாரோ. யாரும் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

"அப்டியா? சரி, சொல்லு. வளைவு திரும்பறதுக்கு முன்னாடி ஒரு தூணு, அதுல இன்னா கீது?"

"அரசங்கன்னு. வெட்டி வெட்டி விட்டிருக்கீங்க. அது திரும்பத் திரும்ப மொளைக்குது. வெட்டின எடத்துல எல்லாம் தார் பூசியிருக்கு."

"தார் நான்தான் பூசனேன்." குரல் தாழ்ந்தது. "நிக்கவே மாட்டேங்குது. அப்பறம், மழத்தண்ணி போற ஓட்ட?"

"மூணு ஓட்டை. நடுவுல இருக்கறதுல மட்டும் கீழ வரைக்கும் கறுப்புக் கோடு. மத்த ரெண்டும் காஞ்சு கிடக்கு."

"அடச்சீ! அது ரெண்டும் அடச்சிகினு கீது. நா ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்துட்டேன், ஒருத்தனும் வர்ல. பாத்தீங்களா மேடம், ஒரே நாளுல பாத்துட்சி!"

இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டு போனார்கள். கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்ட உறவுக்காரர்கள் ஊரிலுள்ள எல்லாரையும் விசாரிப்பது மாதிரி மதிலை விசாரித்துக்கொண்டார்கள். எனக்கோ அவள் சொல்லச் சொல்ல அவள்மேல் குற்றம் ஏறிக்கொண்டே போவதாகப் பட்டது. இவ்வளவு தெரிந்த ஒருத்தியை யார் வெளியே விடுவார்கள்? வாயை மூடுடி என்று கண்ணால் சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேற்று ராத்திரி என்னிடம் எதிர்பார்த்த பேச்சு இங்கே யாரோ ஒருவரிடம் கிடைத்துவிட்டது, அவள் எப்படி நிறுத்துவாள்.

ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. மரத்தின் இலைகள் மூடிக்கொண்டன. எங்கோ உள்ளே ஒரு விசில் ஊதியது. சீருடைக்காரர்கள் சைக்கிள்களில் வரிசையாக வெளியே வந்தார்கள். ஒரே தொப்பி, ஒரே பை, ஒரே மிதி. ஒருவரைச் செய்துவிட்டு நூறு தடவை நகல் எடுத்தது மாதிரி. நான் படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை. விழித்திருந்தேனா என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. வேலைக் கண் தானாக ஓடியது. அந்த மூன்றாவது ஆளுக்கு இடது முட்டி வலி. அந்த ஆள் பையில் கீரைக்கட்டு. அவர் பின்னால் வருகிறவர் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார், உதடு அசைகிறது. ஒருவரையும் சிவப்புத் தட்டில் போட மனம் வரவில்லை. பிறகு சாலை காலியானது. மதில்மேல் வெளிச்சம் மெல்ல மெல்ல மேலேறி, முள்கம்பியில் கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டது. சாம்பல், நீலம், இன்னொரு சாம்பல். அந்தக் கடைசி நிறத்தை நான் அவள் திரையிலோ வேறு எந்தத் திரையிலோ பார்த்ததில்லை. அவளிடம் சொல்லத் தோன்றியது. எழுந்து ஜன்னல் கிட்டப் போனேன்.

அவள் பேச்சு நின்றிருந்தது. இருட்டத் தொடங்கியதும் அவளுக்கும் பயம் வந்திருக்க வேண்டும்.

"ம்மா. ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவாங்களா?"

"தெரியலடி."

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"போன் லாக்கர்ல இருக்கு."

"சாரிம்மா. நீ சொன்னது கரெக்ட்டு. அதனாலதான் கோவம் வந்துச்சு."

கம்பிக்குள் விரலை விட்டேன். பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு. நான் சொன்னது பாதிதான் சரி என்று சொல்ல நினைத்தேன். அவள் செய்த ஊரில் அந்தப் பெண் நடக்கும்போது எனக்கு ஒருவிதத் தவிப்பு வந்தது, வீடு போய்ச் சேருவாளா என்று. அது எந்த எஞ்சினிலும் வருவதில்லை என்றுதான் நினைக்கிறேன். அதை நான் சொல்லவில்லை, மதிலைப் பற்றிச் சொன்னேன். இப்போது சொல்ல வாயெடுத்தபோது காவலர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்தார்.

"வந்துட்டாரு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க."

ஜீப் வரும் என்று பார்த்தேன். சைக்கிள் வந்தது. முழங்கால் வரை அரைக்கால்சட்டை, வியர்த்த பனியன், கழுத்தில் துண்டு. ஏதோ விளையாடிவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, காவலர் வேகமாகச் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். உள்ளே போய் என் ஆதாரையும் அவள் கல்லூரி அட்டையையும் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். அந்த இரண்டு பக்கத்தையும் நெடுநேரம் பார்த்தார். போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். சுவர், சுவர், துரு, தார், கறுப்புக் கோடு, சுவர்.

"எல்லாம் ரோட்டுப் பக்கம் நின்னு எடுத்தது சார்," என்றார் காவலர், யாரும் கேட்காமலே.

"அந்த கேம் இதுல இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் திறந்து கொடுத்தாள். அதிகாரி நின்றபடியே ஆடினார். அந்தப் பெண் ரயிலிலிருந்து இறங்கினாள். பனிமூட்டத்தில் நடந்தாள். பாசி படிந்த கருங்கல் மதில் ஓரமாக வந்தாள். அவர் அவளை மதிலை நோக்கித் திருப்பினார். அவள் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.

"இது ஆவடியா?"

"இன்னும் ஆகல சார்."

"இந்த மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன வெச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்ல சார். ஆடறவங்க யாரும் அங்க போக முடியாது. அதனால எதுவுமே செய்யல. வெறும் காலி."

அவர் திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை அவள் கையில் கொடுத்தார்.

"செவுத்துப் படம் அத்தனையையும் இவர் பாக்கறப்பவே அழிச்சிடு. நோட்டுல அந்த ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுக் குடுத்துட்டுப் போ." என் பக்கம் திரும்பினார். "பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கம்மா. வேற எங்கயும் அனுப்பல." வாசல் வரை போனவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார்: "செவுத்த நீ எப்படி வேணா செஞ்சுக்கோ. அந்தப் பக்கம் மட்டும் காலியாவே இருக்கட்டும்."